உட்கார வைத்து எடுத்த அளவு

மூன்றாவது நாளாக ஹமத் ஐஸில் இறங்கினான். முகம்மது ரிபாய் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஓர் அட்டை, அதில் இரண்டு தாள்கள். முதல் தாள் ஸ்கேட்டின் பொருத்தத்தைப் பற்றியது, இரண்டாவது அதன் ஓட்டத்தைப் பற்றியது. இரண்டையும் இன்று மத்தியானத்துக்குள் நிரப்பி மேனேஜர் ஃபாரூக்கிடம் கொடுக்க வேண்டும்.

வெளியே துபாயின் ஜூலை மாதம் நாற்பத்தைந்து டிகிரியில் காய்ந்துகொண்டிருந்தது. மாலுக்கு உள்ளே, ஐஸ் அரங்கின் ஓரத்தில், ரிபாய் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். கீழக்கரையிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஐந்து வருஷம் அதே கம்பெனியின் இன்னொரு கடையில் கால்பந்தும் பேட்டும் விற்றான். மாலில் ஐஸ் அரங்கு வந்ததும் கம்பெனி அதன் வாசலிலேயே ஒரு கடை போட்டது. கனடாக்காரர் ஒருவர் வந்து இரண்டு வாரம் வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஏழு வருஷமாக ரிபாய் முழங்காலிட்டு அடுத்தவர் குதிகாலைக் கையில் ஏந்தி ஸ்கேட் மாட்டிவிடுகிறான், பிளேடு தீட்டுகிறான், லேஸ் இழுக்கிறான். இதுவரை ஒருநாளும் ஐஸில் ஏறியதில்லை. ஆனால் எந்தக் கால் எந்த ஸ்கேட்டில் அழும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவான். முழங்கால் இரண்டும் இப்போது மாடிப்படி ஏறும்போது சத்தம் போடுகின்றன.

ஹமத் ஆடும் ஐஸ் ஹாக்கி கிளப் அவன் பெரியப்பா அபூ ராஷித் நடத்துவது. அவர் இருபது ஜோடி ஆர்டர் கொடுத்திருந்தார். கம்பெனி செய்வதிலேயே உயர்ந்த ரகம். அடிப்பலகை கார்பன், கையில் எடுத்தால் காலிப் பெட்டியை எடுத்தது போல் இருக்கும். இவற்றைக் காலுக்குப் பதப்படுத்த ஓவனில் வைக்க வேண்டும். சூட்டில் இளகியதும் காலை நுழைத்து, லேஸை இழுத்துக் கட்டி, கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அந்தக் காலின் வடிவம் அதில் இறங்கிவிடும். சூடு படாத ஜோடியைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். சூடு பட்டுவிட்டால் அது வாங்கியவன் பொறுப்பு. அதனால்தான் ஹமதின் ஜோடியை மட்டும் முதலில் சுட்டு, மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. மற்ற பத்தொன்பதும் பெட்டியோடு ஸ்டோரில் இருந்தன. பெட்டிகள் வந்து இன்று எட்டாம் நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மற்ற ஆட்டக்காரர்கள் கடைக்கு வருகிறார்கள்.

இந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் ரிபாயின் விசாவில் ‘ஹெல்பர்’ என்று இருப்பதை ‘டெக்னீஷியன்’ என்று மாற்றி, புதுச் சம்பளச் சான்றிதழில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கித் தருவதாக ஃபாரூக் சொல்லியிருந்தார். வெறும் வாக்குறுதி இல்லை, பேப்பர் டைப் ஆகி அவர் மேஜை டிராயரில் இருந்தது. அது கிடைத்தால்தான் மனைவி ரம்ஸியாவையும் மகள் ஹிஃப்ஸாவையும் ஃபேமிலி விசாவில் கூட்டி வர முடியும். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் லீவில் போய்ச் சேர்ந்திருந்ததெல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை வருஷம் தேறாது.

ஹமத் மைதானத்தை நீளவாக்கில் இரண்டு முறை பறந்து வந்தான். நடுக்கோட்டில் ஐஸ் தூள் சிதற நின்றான். திரும்பினான், பின்பக்கமாக ஓடினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு பெஞ்சுக்கு வந்து குனிந்து, இடது ஸ்கேட்டின் கீழ் லேஸை விரலால் தளர்த்தினான். இருபது நிமிஷத்தில் இது மூன்றாவது தடவை.

“மும்தாஸ், ரிபாய்! பிரமாதம்!” என்றான். அரபியும் இந்தியும் கலந்த பேச்சு அவனுடையது. “முன்னாடி போட்டிருந்தது பெட்டி. இதுதான் ஸ்கேட். எழுது, நூத்துக்கு நூறு.”

“லேஸை ஏன் தளர்த்துறீங்க?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் மரத்துப் போகுது.”

“ரெண்டு காலுமா?”

“இடதுதான் அதிகம். கடைசி ரெண்டு விரல். புதுசுன்னா அப்படித்தான், நீயே சொன்னியே, ரெண்டு வாரம் ஆகும்னு.”

சொன்னவன் ரிபாய்தான். எல்லோரிடமும் சொல்வது அது. ஆனால் அவன் சொன்னது வலியைப் பற்றி. வலி பழகிவிடும். மரத்துப்போவது பழகாது. இதை ஹமதிடம் அவன் அப்போது சொல்லவில்லை. தாளில் ‘முன்னங்கால்’ என்ற இடத்துக்கு எதிரே பேனாவை வைத்து, எழுதாமல் எடுத்தான்.

ஹமத் வெளியேறியதும் ஐஸ் வழிக்கும் வண்டியோடு ராக்கப்பன் வந்தான். பரமக்குடிப் பக்கத்து ஆள். கம்பளித் தொப்பிக்கு மேல் துண்டைக் கட்டியிருப்பான். வண்டியை ஏற்றும் முன் ஐஸில் இறங்கி, கீழே பார்த்தபடி நடப்பது அவன் வழக்கம். பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் தண்ணீர் எங்கே கூட்டி விடுவது என்று தெரியும்.

“பாய்,” என்று கூப்பிட்டான். “உங்க ஷேக்கு இன்னைக்கும் எடது காலுல கள்ளம் பண்றாரு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கோடு சொல்லுதே. இந்தா, வலது கால் தள்ளுன கோடு. வில்லு மாதிரி ஆழமா நீட்டா போகுதா? இந்தப் பக்கம் எடது. கோழி கிண்டுன மாதிரி இருக்கு. தள்ளல பாய், பிறாண்டியிருக்காரு. நேத்தும் இப்படித்தான். பழைய ஸ்கேட்டுல இப்படிக் கெடையாது.”

“நேத்தே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேட்டீங்களா? எங்க ஊருல தண்ணிக்கே நாதியில்ல. நான் இங்க வந்து ஐஸுக்கு சோசியம் பாக்குறேன். கேக்காம சொன்னா எவன் நம்புவான்?” ராக்கப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். “யல்லா, வழி விடுங்க. அடுத்து பள்ளிக்கூடப் புள்ளைக வருது.”

கடையில் ஹமத் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றினான். ரிபாய் முழங்காலிட்டு காலுறையை உருவினான். சுண்டு விரலின் அடி எலும்பு இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு தடம், அதன் நடுவே வெள்ளை. விரலால் அழுத்தினான்.

“தெரியுதா?”

“எது?”

“நான் அழுத்துறது.”

“இல்ல.” ஹமத் சிரித்தான். “ஐஸ்ல இருந்து இப்பத்தானே வந்தேன்!”

ரிபாய் கால் அளக்கும் இரும்புத் தட்டை எடுத்து வந்தான். குதிகாலைக் குழியில் வைத்து, பக்கக் கட்டையை விரலோடு ஒட்டி நகர்த்தினான். ஆர்டர் தாளில் எழுதியிருந்த அதே அகலம். ‘டி’ என்ற எழுத்தில் மிகச் சரியாக நின்றது. அப்படியானால் தப்பு ஸ்கேட்டில் என்று ஒரு நொடி அவனுக்கு நிம்மதி வந்தது. கம்பெனி ஏதோ குறைத்துச் செய்திருக்கிறது. எழுதி அனுப்பிவிடலாம்.

அப்போது ஹமதின் போன் அடித்தது. உள்ளே சிக்னல் சரியாக இருக்காது. அவன் தட்டில் வைத்த காலோடு அப்படியே எழுந்து, கண்ணாடிக் கதவுப் பக்கம் உடம்பைச் சாய்த்து, “ஹலா, ஹலா பெரியப்பா” என்று பேச ஆரம்பித்தான். அவன் எடை முழுக்க அந்தக் காலில் இறங்கியது. ரிபாயின் கண்முன்னே முன்னங்கால் மாவு பரவுவது போல் விரிந்து, பக்கக் கட்டையை உரசித் தள்ளிக்கொண்டு போய், அதைவிட அகலமான ‘டபுள் ஈ’யையும் தாண்டி நின்றது.

ரிபாய் எழவில்லை. தட்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

கால் அளவை நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். கனடாக்காரர் முதல் நாளே சொன்னது அது. கடையில் இந்த ஏழு வருஷத்தில் ஒருவரைக்கூட அவன் உட்கார வைத்து அளந்ததில்லை. அதிலும் இந்த அரபுப் பையன்கள் பிறந்ததிலிருந்து செருப்பில் வளர்ந்தவர்கள். குதிகால் ஒடுக்கம், முன்னங்கால் விசிறி. ஷூவில் வளர்ந்த வெள்ளைக்காரன் கால் எழுந்து நின்றாலும் அவ்வளவாக மாறாது. இந்தக் கால்கள் மாறும். ராக்கப்பன் காலும் ரிபாயின் சொந்தக் காலும் மாறும்.

ஆனால் இந்த இருபது பேரை அவன் கடையில் அளக்கவில்லை. அபூ ராஷிதின் மஜ்லிஸுக்குப் போய் அளந்தான். மூன்று பக்கமும் திண்டு போட்ட பெரிய கூடம். காவா என்ற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் சுற்றிக்கொண்டிருந்தன. ஆட்டக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், பெரியவர்களும் இருந்தார்கள். ரிபாய் முதல் பையன் முன்னால் தட்டை வைத்து, “கொஞ்சம் எழுந்து…” என்று ஆரம்பித்தபோது ஃபாரூக் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்காந்தவங்கள எழுப்பாதடா,” என்று தமிழில் முணுமுணுத்தார். “சபையில இருக்காங்க.” கீழக்கரையில் விருந்தில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவனை எந்த அவசரத்துக்கும் எழுப்ப மாட்டார்கள். எழுப்புகிறவன் வீட்டு வளர்ப்பைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவார்கள். ரிபாய்க்கும் அது சரி என்றுதான் பட்டது. அவன் முழங்காலாலேயே நகர்ந்து, ஒவ்வொருவர் காலையும் தன் மடிப்பக்கம் இழுத்து வைத்து, இருபது பேரையும் அளந்து முடித்தான். அபூ ராஷித் அவனுக்குத் தன் கையாலேயே காவா ஊற்றினார். திரும்பும்போது காரில் ஃபாரூக், “எவ்வளவு மரியாதை பாத்தியா” என்றார்.

மரியாதைதான். இருபது ஜோடி மரியாதை இப்போது டி அகலத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

ஹமத் போனை வைத்துவிட்டு, “பெரியப்பா கேக்குறார். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். கலாஸ், முடிஞ்சுது,” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் உதறிவிட்டுப் போனான்.

ஒரு மணி. கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் டூட்டி. உள் அறையில் ஃபாரூக் ஓவனைச் சுத்தம் பண்ணி, சூடு பிடிக்கிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது பெட்டிகளையும் பெயர் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ரிபாயைவிடப் பத்து வயது பெரியவர், ஒரே தெரு. அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அண்ணன் முறைக்கு, ஊர் வழக்கப்படி ரிபாய் அவரைக் காக்கா என்று கூப்பிடுவான்.

“ஃபாரூக் காக்கா, ஓவனை ஆஃப் பண்ணுங்க.”

“ஏன், கரண்ட்டு பில்லு உன் வாப்பாவா கட்டுறாரு?”

“அளவு தப்பு.”

“எந்தப் பெட்டி?”

“எல்லாப் பெட்டியும்.”

ஃபாரூக் துணியைக் கீழே வைத்தார். ரிபாய் சொன்னான். கால் விரிந்தது, கட்டை நகர்ந்தது, ராக்கப்பன் பார்த்த கோடு, எல்லாவற்றையும் சொன்னான். மஜ்லிஸைப் பற்றி ஒரே வரிதான் சொன்னான். “உக்கார வச்சு எடுத்துட்டேன்.”

“ஹமத் மும்தாஸ்னு சொல்லலியா?”

“வாய் சொல்லுச்சு. கால் சொல்லல.”

“பெரிய ஹக்கீம் இவரு, காலைப் பாத்தே நோவு சொல்ல. அந்த அமுக்குற மெசின் எதுக்கு இருக்கு? வச்சு அகலப்படுத்து.”

“கணுக்கால்ல அகலப்படுத்தலாம் காக்கா. இது அடிப்பக்கம். கார்பன். உடையுமே தவிர விரியாது.”

ஃபாரூக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று ரிபாய் நினைத்திருந்தான். அவர் குரல் தணிந்துதான் வந்தது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நான் சொல்றதக் கேளு. இன்னைக்கு சுட்டுக் குடுத்துருவோம். ஓடட்டும். ஒரு மாசம் புதுசு மோகத்துல ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். பெறவு ஒருத்தன் ரெண்டு பேரு வந்து சொன்னா, கால் வளந்துருச்சு, சாக்ஸ் தடிமன்னு எதையாவது சொல்லிக்கலாம். அதுக்குள்ள முதலாளி உன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுருவாரு. ரம்ஸியா வந்து இறங்கிரும். வெளங்குதா? எனக்காகச் சொல்லலடா. உனக்காகத்தான் சொல்றேன்.”

அது உண்மை என்று ரிபாய்க்குத் தெரியும். அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. ஓவன் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பத்தொன்பது பெட்டி. ஒன்றுக்குக் கால் மணி நேரம். ஆளுக்கொரு லேஸை அவன் கையாலேயே இழுத்துக் கட்டி, நன்றாக இருக்கிறதா என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டும். அவர்களும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அந்தக் கால் மணி நேரம் உட்கார்ந்துதானே இருப்பார்கள். வலி எழுந்து நின்ற பிறகுதான் ஆரம்பிக்கும்.

அவனுக்குக் களைப்பாக இருந்தது. நேர்மை, பயம் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அந்த இருபது பேரும் வாரத்துக்கு மூன்று நாள் இந்த வாசல் வழியாகத்தான் போவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டியிருக்கும். ரம்ஸியா வந்த பிறகும் பார்க்க வேண்டியிருக்கும்.

“அந்த ஆறாவது பெட்டி கலீல்,” என்றான். “பதினேழு வயசு. இன்னும் வளர்ற கால் காக்கா.”

ரிபாய் எட்டி ஓவன் ஸ்விட்சை அணைத்தான். பிறகு அட்டையை மேஜையில் வைத்து எழுதத் தொடங்கினான். முதல் தாளில்: முன்னங்கால் பொருந்தவில்லை, நின்றால் அகலம் டபுள் ஈக்கு மேல். இரண்டாம் தாளில்: ஸ்கேட் வேகமானது, எடை குறைவு, வளைவில் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் இடது காலால் தள்ள முடியவில்லை, கால் நெருக்கப்படுகிறது. காரணம் என்ற இடத்தில்: அளவு உட்கார்ந்த நிலையில் எடுக்கப்பட்டது. அளவு எடுத்தவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் ஃபாரூக் எட்டிப் பார்த்தார்.

“நான் இழுத்தேன்னு எழுதப் போறியா?”

“அளவு எடுத்தது யாருன்னுதான் கேட்டிருக்கு. சட்டைய இழுத்தது யாருன்னு கேக்கல.”

ஃபாரூக் தாடியைத் தடவிக்கொண்டார். “ஹராமிப் பய,” என்றார், திட்டுவது போலவும் இல்லாமல். பிறகு சப்ளையருக்குப் போன் போட்டார்.

அகலமான ஜோடிகள் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கிளப் பஹ்ரைன் போய் ஆடுவது நாலாவது வாரம். ஐந்து மணிக்கு வந்தவர்களிடம் ரிபாய் ஒவ்வொருவராகச் சொன்னான். கடையில் எல்லோரையும் நிற்க வைத்துத் திரும்ப அளந்தான். பாதிப் பேர் முறைத்தார்கள், ஒருவன் அவனைக் கழுதை என்றான். கலீல் பெட்டியைத் திறந்து, புது ஸ்கேட்டைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஹமத் மட்டும் தன் ஜோடியை விடமாட்டேன் என்றான். அது சுட்டாகிவிட்டது, எப்படியும் திரும்பப் போகாது. “மரத்துப் போனா போகட்டும். இது பறக்குது,” என்றான்.

ஏழு மணி வாக்கில் முதலாளி வந்தார். தாளைப் படித்தார். ரிபாயைக் கூப்பிடவில்லை. உள் அறையில் ஃபாரூக்கிடம் அவர் பேசியது பாதி கேட்டது: “உக்கார வச்சுக் கால் அளக்கிறவன் டெக்னீஷியனா?” ஃபாரூக் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு டிராயர் மூடும் சத்தம். வெளியே வந்தபோது ஃபாரூக், “அடுத்த வருஷம் பாப்போம், இன்ஷா அல்லாஹ்,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் ரூமில் மற்றவர்கள் படுத்துவிட்டார்கள். ரிபாய் மாடிப்படியில் உட்கார்ந்து காலிங் கார்டை உரசி ஊருக்குப் போன் பண்ணினான். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் உதவவில்லை.

“பேப்பர் இந்த வருஷம் ஆகாது ரம்ஸியா.”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

“யாரு பண்ணுன தப்பு மச்சான்?”

“நான்தான்.”

“நெசமாவே நீங்களா? இல்ல வழக்கம் போல யாருக்காகவாவது நீங்களா?”

“அளந்த கை என் கைதான்.” ஸ்கேட், அகலம், மஜ்லிஸ் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஐஸை டம்ளரில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“உக்கார வச்சு அளந்தா தப்பா வருமாக்கும்,” என்றாள் கடைசியில்.

“வரும்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“நீ இங்க வந்திருப்ப.”

கார்டில் காசு இறங்கிக்கொண்டிருந்தது.

“ஹிஃப்ஸாவுக்கு டிசி வாங்கிட்டேன் மச்சான். செவ்வாக்கிழமையே.”

“ஏன் ரம்ஸியா அவ்வளவு அவசரம்?”

“நீங்கதான சொன்னீங்க, இந்த மாசம் கையெழுத்தாயிரும்னு. அங்க ஸ்கூல்ல சேக்கணும்னா கையில இருக்கணும்ல.” அவள் குரல் ஒரு இடத்தில் நழுவி, உடனே சரியானது. “அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அன்னைக்கே கேட்டுச்சு, விசா கையில வந்துருச்சாம்மான்னு. வந்துருச்சுன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். இப்ப திருப்பிச் சேத்துக்கங்கன்னு போயி நிக்கணும்.”

“நான் வேணா போன்ல பேசவா?”

“நீங்க என்னத்த பேசுவீங்க? கால் விரிஞ்சுருச்சுன்னா?” சிரிக்கத்தான் பார்த்தாள். “அவங்களுக்கு இனி வலிக்காதுல்ல?”

“பத்தொம்போது பேருக்கு வலிக்காது.”

“மத்தவருக்கு?”

“அவரு கழட்ட மாட்டேங்கிறாரு.”

“நல்ல ஆளுங்க எல்லாரும்,” என்றாள் ரம்ஸியா. அவள் எதையோ தேடும் சத்தம் கேட்டது, பீரோக் கதவு திறந்தது, தாள் ஒன்று சலசலத்தது. “வச்சிருங்க மச்சான். இங்க மணி மூணாகுது, நாலு மணிக்கு ஸ்கூல் விட்ருவாங்க. ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள போயாகணும்.”